தண்ணீர் எங்கே போனது? டெல்டா மண்ணுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஐப்பசியில் ‘தண்ணி வடியவே மாட்டேங்குது’ என்று தலையில் கை வைத்த அதே ஆள், சித்திரையில் வந்து ‘பம்புல தண்ணியே ஏற மாட்டேங்குது’ என்பார். இரண்டும் ஒரே நிலம்தான். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில்தான் எங்கள் ஊர். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றும் பிரிந்து போகிற இடம் அது. அங்கேயே தண்ணீர்க் குறை சொல்லாத வீடு இல்லை என்றால், கடைமடையில் என்ன பாடு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

குறை கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்ட முறையை இங்கே எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ, நேரே அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் ஒரே ஒரு விஷயம். இதைப் பிடித்துக்கொள்ளாமல் கீழே போனால் எல்லாமே குழம்பும்.

டெல்டாவின் நிலம் ஒரே மண் இல்லை, அடுக்கு. காவிரி வேகமாக ஓடிய இடத்தில் மணலைப் போட்டது, வெள்ளம் தேங்கி நின்ற இடத்தில் களியைப் படியவிட்டது. பிறகு பாதை மாறியது. பழைய மணல்மேல் களி, அந்தக் களிமேல் இன்னொரு மணல். உங்கள் வயலுக்கு இருபது அடி கீழே ஒரு செத்துப்போன ஆறு கிடக்கலாம்; பக்கத்து வயலுக்குக் கீழே அது இல்லாமல் இருக்கலாம். ‘அவருக்கு ஊறுது, எனக்கு ஊறல’ என்ற புலம்பலில் பாதிக்கு விடை இதுதான்.

மணலையும் களியையும் நெல் மூட்டை, தவிட்டு மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின்மேலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் நெல் மூட்டை உடனே கீழே விட்டுவிடும், தவிடு குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். களிமண்ணில் இடைவெளி குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். மணலின் கன அளவில் ஏறக்குறைய 25 முதல் 40 சதவீதம்தான் இடைவெளி. களியில் பாதி வரைகூட இருக்கும். ஆனால் அந்த இடைவெளிகள் மிக நுண்ணியவை. தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தராது. நன்றாக நனைந்த மணல் தன் கன அளவில் ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீரைப் பம்புக்கு விட்டுக்கொடுக்கும். களி நூற்றில் இரண்டு மூன்று பங்கு விட்டால் பெரிது.

மண்ணுக்குள் தண்ணீரை நகர்த்துவது இரண்டு விசை. ஒன்று எடை, அது கீழே இழுக்கும். இன்னொன்று உறிஞ்சல். விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல, நுண்ணிய துளைகள் தண்ணீரை மேலே, பக்கவாட்டில், காய்ந்த பக்கம் எதுவோ அங்கே இழுக்கும். மணலில் எடையின் கை ஓங்கும், களியில் உறிஞ்சலின் கை. கீழே வரும் ஒவ்வொரு கோளாறிலும் ‘எந்த அடுக்கு, எந்த விசை’ என்ற கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன்.

உங்கள் அடுக்கைத் தெரிந்துகொள்ளச் சுலபமான வழி, உங்கள் தெருவில் கைபோர் போட்ட ஆளைப் பிடிப்பது. எத்தனை அடியில் களி, எத்தனையில் சவுடு, குறுமணல் எங்கே தொடங்கியது, சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி) தட்டியதா என்று அவர் விரல் விட்டுச் சொல்வார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எங்கள் தெருவில் ஆறு போர்களின் கணக்கை ஒரு பழைய நோட்டில் வைத்திருக்கிறேன். இதுவரை நான் சேர்த்த சொத்தில் உருப்படியானது அது.

“ராத்திரி கட்டின தண்ணி காலையில இல்லை”

நடவு வயலில் இரண்டு அங்குலம் கட்டிவிட்டுப் படுத்தால் விடியும்போது சேறு தெரிகிறது. உடனே எல்லோரும் சொல்வது ‘மண்ணு குடிச்சிடுச்சு’. பெரும்பாலும் மண் குடிப்பதில்லை, வரப்பு விடுகிறது. ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம்.

இரண்டு பழைய பெயிண்ட் டப்பா எடுங்கள். ஒன்றின் அடியை வெட்டி எறியுங்கள், இன்னொன்றை அப்படியே விடுங்கள். அடி இல்லாததைச் சேற்றைத் தாண்டி, உழவுக்குக் கீழே இறுகிக் கிடக்கும் மண்ணில் நன்றாகப் பதியும்வரை அமுக்குங்கள். அடி உள்ளதைப் பக்கத்தில் புதையுங்கள். இரண்டின் வாயும் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். இரண்டிலும் வயலின் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கோடு போடுங்கள். வயலில் ஒரு குச்சி நட்டு அதிலும் கோடு போடுங்கள். மடையை அடைத்துவிட்டு, மழை இல்லாத ஒரு முழு நாள் கழித்துப் பாருங்கள்.

அடி உள்ள டப்பாவில் குறைந்தது வெயில் குடித்தது. இங்கே நல்ல வெயிலில் 5 மி.மீ. சுமாருக்கு இருக்கும். அடி இல்லாததில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தது கீழே இறங்கியது. நன்கு சேறடித்த கனமான களி வயலில் இது நாளுக்கு 1 முதல் 3 மி.மீ. தான். குச்சியில் அதையும்விடக் கூடுதலாகக் குறைந்திருந்தால் அது பக்கவாட்டில் போனது.

குச்சி 50 மி.மீ. இறங்கி, அடி இல்லாத டப்பா 8 மட்டும் இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம், ஓட்டை வரப்பில். விடியற்காலையில் வரப்பின் வெளிப்பக்கமாக நடங்கள். நண்டு வளை பெரும்பாலும் தண்ணீர் மட்டத்தை ஒட்டியே இருக்கும். எலி வளை உள்ளே எங்கோ வாய் திறந்து வெளியே வேறு எங்கோ முடியும். மேலோட்டமாகச் சேற்றை அப்பினால் இரண்டு நாள்தான் தாங்கும். அண்டை வெட்டி (வரப்பின் பக்கத்தைச் செதுக்கி), வளையைத் தோண்டி மிதித்து அடைத்து, புதிதாக அண்டை வைத்துப் பூசுவதுதான் வேலை. எங்கள் அப்பா காலத்தில் இதைச் செய்யாமல் நடவுக்கு ஆள் கூப்பிட மாட்டார்கள். இப்போது அண்டை வெட்ட ஆள் கிடைப்பதில்லை, அது தனிக்கதை.

அடி இல்லாத டப்பாவே 30, 40 என்று இறங்கினால் கோளாறு கீழே. மூன்று காரணம் இருக்கலாம். சேற்றுழவு போதவில்லை: சேறு குழம்பும்போது நுண்துகள்கள் மேலே மிதந்து, பிறகு படிந்து, துளைகளை அடைக்கின்றன. ஆண்டாண்டாக உழுது உழுது, ஒரு சாண் ஆழத்துக்கு அருகே இறுகிய ஒரு தட்டும் உருவாகியிருக்கும். இவை இரண்டும்தான் நெல் வயலின் மூடி. வயலைச் சமப்படுத்துகிறேன் என்று பொக்லைன் விட்டு அந்தத் தட்டைச் சுரண்டி எடுத்தவர்கள் உண்டு. அது இரண்டாவது காரணம். மூன்றாவது, வயலில் ஒரு மூலையில் மட்டும் மணல் திட்டு. அங்கே பயிர் மற்ற இடத்தைவிட வெளுத்துத் தெரியும், ஊட்டமும் தண்ணீரோடு இறங்கிவிடுவதால்.

முதல் காரணத்துக்குக் கேஜ்வீல் (சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரம்) போட்டு இன்னொரு சால் சேறடித்தால் போதும். மற்ற இரண்டுக்கும் கோடையில் ஏரி, குளத்து வண்டல் அள்ள அனுமதி தரும் காலத்தில் வாங்கி அந்த இடத்தில் பரப்புங்கள். ஒரு பருவத்தில் சரியாகாது, மூன்று பருவம் ஆகும்.

ஒரு கணக்கும் மனதில் இருக்கட்டும். ஒரு ஏக்கரில் ஒரு மி.மீ. தண்ணீர் என்றால் சுமார் 4,000 லிட்டர். 30 மி.மீ. இறங்குகிறது என்றால் தினமும் ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டர். அதே சமயம், இறங்கும் தண்ணீர் எல்லாம் வீண் என்றும் நான் சொல்ல மாட்டேன். குறுவையில் உங்கள் வயல் கீழே விட்டதைத்தான் தையில் யாரோ ஃபில்டர் பாயின்ட்டில் (ஆழம் குறைந்த குழாய்க்கிணற்றில்) எடுக்கிறார்கள். நீங்களாகவும் இருக்கலாம்.

“வெடிச்ச வயல்ல எவ்வளவு விட்டாலும் நிக்கல”

பழைய டெல்டாவின் கருங்களி, மண் ஆய்வாளர்கள் களத்தூர் வகை என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் பாளம் பாளமாக வெடிப்பது அதனால்தான். கை நுழையும் வெடிப்பில் தண்ணீர் விட்டால் அது மண்ணை நனைப்பதே இல்லை. வெடிப்பு வழியே ஓடி, பாளங்களைச் சுற்றிக்கொண்டு, இறுகிய தட்டுக்கும் கீழே போய்விடும். மேலே பாளம் காய்ந்தே நிற்கும், கீழே வெள்ளம். மணலைவிட மோசமாகக் களி ஒழுகுவது இந்த ஒரு நேரத்தில்தான்.

தண்ணீரைத் திறக்கும் முன் மேலாகப் புழுதி உழவு ஓட்டிவிடுங்கள். தூளான மண் வெடிப்பின் வாயில் விழுந்து அடைக்கும். அறுவடை முடிந்து ஈரம் இருக்கும்போதே ஒரு உழவு போட்டிருந்தால் இன்னும் நல்லது, வெடிப்பு ஆழமாகவே போகாது.

நட்ட வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுபவர்கள் முடி அளவு வெடிப்பைப் பார்த்ததும் தண்ணீர் விட்டுவிட வேண்டும். விரல் நுழையும்வரை காத்திருந்தால் மிச்சம் பிடித்த தண்ணீரெல்லாம் அடுத்த பாய்ச்சலில் போய்விடும். கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அடிப் பாதியில் துளையிட்ட ஒரு பிவிசி குழாயை வயலில் பதித்துப் பாருங்கள். பானி பைப் என்பார்கள். உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட்டால், வயல் மேலே காய்ந்து தெரிந்தாலும் குழாய்க்குள் தண்ணீர் எத்தனை விரல் கீழே நிற்கிறது என்று தெரியும். தரையிலிருந்து 15 செ.மீ. இறங்கும்வரை பயிருக்குப் பயமில்லை. பூக்கும் சமயத்தில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம், தண்ணீர் நிற்கட்டும்.

“மழை விட்டு மூணு நாளாச்சு, இன்னும் வடியல”

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பதற்குப் பிறகு வரும் குறை இது. வயலுக்கும் பொருந்தும், புது நகரில் மனை வாங்கி வீடு கட்டியவருக்கும் பொருந்தும்.

நிற்கும் தண்ணீருக்குப் பக்கத்தில், கொஞ்சம் மேடான இடத்தில், முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். அரை மணி நேரம் பாருங்கள். பக்கச் சுவரிலிருந்து தண்ணீர் கசிந்து குழி நிரம்பினால் நிலம் நிறைந்துவிட்டது என்று பொருள். நிலத்தடி நீர் தரைவரை வந்துவிட்டது, இனி ஒரு சொட்டும் உள்ளே போகாது. குழியின் அடி காய்ந்திருந்தால் மேலே ஒரு தட்டுத் தடுக்கிறது. வீட்டு மனையில் லாரி ஏறி இறங்கி இறுகிய மண் பல நேரம் அப்படித்தான் இருக்கும். அதைக் கடப்பாரையால் நாலு இடம் உடைத்தாலே தண்ணீர் இறங்கிவிடும்.

நிலம் நிறைந்த நிலையில் வழி ஒன்றுதான், வடிகால். கனமான களி மணிக்கு 1 முதல் 5 மி.மீ. வரைதான் உள்ளே விடும். 2 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 48 மி.மீ., அதுவும் நிறையும்வரை. ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் ஏக்கருக்கு நாலு லட்சம் லிட்டர். இதில் மண்ணை நம்பி உட்கார முடியாது.

இப்போது ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு வயல் மட்டத்தையும் வடிகால் வாய்க்கால் மட்டத்தையும் ஒப்பிடுங்கள். வாய்க்கால் ஒரு அடி கீழே இருந்தும் வயல் வடியவில்லையென்றால் கோளாறு உங்கள் மடையில். இரண்டும் ஒரே மட்டமென்றால் உங்கள் வயலில் எதை வெட்டினாலும் பயனில்லை. வாய்க்காலோடு கீழ்நோக்கி நடக்க வேண்டும். மட்டம் சட்டென்று குறையும் இடம் எதுவோ அதற்கு மேல்பக்கத்தில்தான் அடைப்பு. ஆகாயத்தாமரை, காட்டாமணக்கு, யாரோ போட்ட குறுகலான சிமென்ட் குழாய், இவற்றில் ஒன்று இருக்கும். எங்கள் வாய்க்காலில் இரண்டு வருடம் மாலை நேரத்தில் மட்டும் வடியாமல் இருந்தது. கடைசியில் ஒரு வைக்கோல் போர் சரிந்து பாலத்துக்கு அடியில் கிடந்ததைக் கண்டோம். ஏன் மாலையில் மட்டும் என்பது இன்றுவரை புரியவில்லை, ஆனால் எடுத்ததும் வடிந்தது.

கடலோரத்தில் இன்னொரு சங்கதி. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் இல்லாத நிலம் இது. கடல் ஏறும் நேரத்தில் முகத்துவாரத்தில் தண்ணீர் எதிர்த்து நிற்கும், சில மணி நேரம் வடிகாலே நின்றுபோகும். திருத்துறைப்பூண்டிக்கும் கீழே இருப்பவர்கள் மோட்டார் வைத்து வயலை இறைப்பதென்றால், கடல் வாங்கும் நேரம் பார்த்து இறையுங்கள். ஏறும்போது இறைத்தால் டீசலுக்குத்தான் கேடு.

“ஆத்துல தண்ணி வந்துடுச்சு, கடைமடைக்கு வரல”

மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணை. அதற்குப் பிறகுதான் நாள் கணக்கு நீளும். கோடை முழுக்கக் காய்ந்த ஆற்று மணல் முதலில் தன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். இது திருட்டும் இல்லை, அதிகாரியின் சோம்பலும் இல்லை, அந்த முதல் வாரத்துக்கு மட்டும். அதற்குப் பிறகும் வராவிட்டால் மதகைப் போய்ப் பாருங்கள்.

இதே இடத்தில்தான் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆற்றில் தண்ணீர் வந்த சில நாளில், மழையே இல்லாமல், கரையோரக் கிணறுகள் ஏறும். குடகு மலையில் பெய்த தென்மேற்குப் பருவமழை நம் பம்பில் ஏறுவது இப்படித்தான். ஆனால் கிணற்றில் ஏறியது நேற்று ஆற்றில் வந்த அதே தண்ணீர் இல்லை. டெல்டாவின் இறக்கத்தில் மணலுக்குள்ளேயே நிலத்தடி நீர் ஒரு நாளைக்கு விரற்கடை கணக்கில்தான் நகரும். நிறைந்த ஹோஸ் குழாயின் ஒரு முனையில் தண்ணீரைத் திறந்தால் மறுமுனையில் உடனே கொட்டுகிறதே, அதுபோல ஆறு தள்ளுகிறது, கிணற்றருகே ஏற்கெனவே இருந்த பழைய தண்ணீர் எழும்புகிறது. தள்ளும் வேகம் வேறு, தண்ணீர் நடக்கும் வேகம் வேறு. ஆற்றில் சாயக்கழிவோ சாக்கடையோ கலந்த செய்தி வந்தால் ‘கிணறு ஏறிடுச்சே, அதுவும் வந்திருக்குமே’ என்று உடனே பதறவும் வேண்டாம். ‘போன வருஷம் ஒண்ணும் ஆகலையே’ என்று இருந்துவிடவும் வேண்டாம். அது மெதுவாக நடந்து வரும்.

கரையோரத்தில் இருந்தும் கிணறு ஏறவில்லையென்றால், ஆற்றுப் படுகையைப் பாருங்கள். மணல் அள்ளி அள்ளிப் பள்ளமான இடத்தில் ஆற்றின் நீர்மட்டமே தாழ்ந்துவிடும், கிணற்றுமட்டமும் அதோடு தாழும். களி தெரியும்வரை அள்ளிவிட்டால் கதவையே பெயர்த்த மாதிரி. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

“மழை கொட்டுது, போர்ல தண்ணி ஏறல”

இதில் நானே பட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு எல்லா வீட்டிலும் குழி வந்தது. எங்கள் வீட்டுக்கும் ஒரு மேஸ்திரி வந்து, ஒரு மீட்டர் சதுரத்தில் ஐந்து அடி ஆழக் குழி வெட்டி, கூழாங்கல்லும் கரித்துண்டும் போட்டு, மொட்டை மாடிக் குழாயை இறக்கிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார். முதல் மழையிலேயே நிரம்பியது. கார்த்திகை போய், மார்கழி போய், தைப் பொங்கலுக்கும் அதே தண்ணீர் நின்றது. கொசுவுக்கு நல்ல சேகரிப்பு.

அப்போது கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரியவில்லை. இப்போது போடுகிறேன். ஆயிரம் சதுர அடி மாடியில் 50 மி.மீ. மழை என்றால் சுமார் 4,600 லிட்டர். எங்கள் தெருவில் நாலடிக்குக் கீழே களி. மணிக்கு 2 மி.மீ. என்று அந்தக் களி குடித்தால் ஒரு சதுர மீட்டர் அடிப்பரப்பில் மணிக்கு 2 லிட்டர், நாளைக்கு 48 லிட்டர். ஒரு மழையை வடிக்க மூன்று மாதம்! பக்கச் சுவர் கொஞ்சம் குடிக்கும், வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்துக்குக் குறையாது.

குழி வெட்டும் முன்பே இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு முழத்துக்குச் சின்னக் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சாண் கணக்கில் இறங்கினால் அங்கேயே குழி போதும். விரல் நகம் அளவு இறங்கினால் களியைத் தாண்ட வேண்டும். நான் பிறகு குழிக்குள்ளேயே கைபோர் இறக்கி, 22 அடியில் குறுமணல் வந்ததும் நிறுத்தி, துளையிட்ட குழாய் வைத்தேன். மேலே மணலும் ஜல்லியும் வடிகட்டி. அடுத்த மழையில் இரவு நிரம்பிய குழி காலையில் காலி.

ஏற்கெனவே நன்றாக வேலை செய்த குழி இப்போது நின்றுவிட்டது என்றால் ஆழத்தைக் குறை சொல்ல வேண்டாம். மேல் மணலில் வண்டல் படிந்து மூடியிருக்கும். மேலாக ஒரு சாண் மணலை அள்ளிக் கழுவிப் போட்டால் சரியாகிவிடும், புரட்டாசிக்குள் வருடம் ஒருமுறை.

மாடித் தண்ணீரைத் தவிர வேறு எதையும் இந்தக் குழாயில் விடாதீர்கள். தெருத் தண்ணீர், மாட்டுக்கொட்டகைத் தண்ணீர், உரம் போட்ட வயல் தண்ணீர், எதுவுமே கூடாது. மண்ணின் வழியே மெதுவாக இறங்கும்போது நடக்கும் சுத்தம் குழாயில் நடக்காது. அழுக்கை நேரே குடிதண்ணீருக்குள் ஊற்றுவது அது.

இருநூறு முந்நூறு அடி ஆழப் போர் என்றால் விஷயம் வேறு. உங்கள் வாசலில் பெய்த மழைக்கும் அதற்கும் அநேகமாக நேரடி உறவே இல்லை. நடுவில் பல களி அடுக்கு. அந்த மணல் அடுக்கு மேற்கே எங்கே தரைக்கு வருகிறதோ அங்கே நுழைந்த தண்ணீர், களிக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்டு வருகிறது. அழுத்தம் எவ்வளவு என்பதற்கு டெல்டாவுக்கு வடக்கே நெய்வேலியைப் பாருங்கள்: பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் நீரை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் அடி பிளக்காமல் இருக்கும். அத்தகைய ஆழத் தண்ணீரை எடுத்தால் இந்த மழையில் திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

குளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூர் வாரினால் ஊறும் என்பது பாதி உண்மை. படிந்த வண்டலை எடுத்தால் நீர் இறங்கும். அடிக்களியையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டால் மாசியிலேயே குளம் காலி. உங்கள் ஊருக்குத் தேவை நிற்கும் குளமா இறக்கும் குளமா என்று முதலில் பேசி முடிவு செய்யுங்கள். கோயில் குளம் என்றால் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. கும்பகோணத்து மகாமகக் குளத்துக்குள்ளேயே கிணறுகள் இருக்கின்றன, குளமும் நின்றது, கீழே தொடர்பும் இருந்தது.

“மோட்டார் காத்து இழுக்குது”

தொடங்கியதிலிருந்தே இழுக்கவில்லையா, பத்து நிமிடம் நன்றாகக் கொட்டிவிட்டுப் பிறகு திணறுகிறதா? இதை மட்டும் கவனித்துச் சொல்லுங்கள், பாதி வேலை முடிந்தது.

தொடக்கத்திலேயே என்றால் ஃபுட் வால்வு (குழாயின் அடியில், ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது) அல்லது குழாய் இணைப்பில் காற்று நுழைகிறது. தண்ணீர் ஊற்றி எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு மூட்டிலும் சேற்றை அப்பிப் பாருங்கள். சேறு உள்ளே உறிஞ்சப்பட்ட மூட்டுதான் குற்றவாளி.

பத்து நிமிடம் கழித்து என்றால் நிலத்தடி நீர் பம்புக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்குகிறது. தரைமேல் வைத்த மோட்டார் பம்பு கீழிருந்து ‘இழுப்பதில்லை’. காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி 10 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டர் தாண்டினால் சந்தேகம். நீங்கள் இறைக்கும்போது குழாயைச் சுற்றி நீர்மட்டம் புனல் மாதிரிக் குழியும். மும்முனை மின்சாரம் வந்ததும் தெருவில் எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டால் புனலோடு புனல் சேர்ந்து எல்லாருக்கும் இறங்கும். பக்கத்து வயல்காரரிடம் ‘அண்ணே, நீங்க காலையில, நான் சாயங்காலம்’ என்று பேசி முடிப்பது புதுப் போரைவிட மலிவு. அதுவும் நடக்காவிட்டால் பம்பை ஒரு குழி வெட்டித் தாழ்த்துங்கள், அல்லது நீர்மூழ்கிக்கு மாறுங்கள்.

தண்ணீரோடு மணலும் வந்தால் ஃபில்டர் கிழிந்துவிட்டது. ஓட்டாதீர்கள், பம்பும் போகும், குழாயைச் சுற்றி நிலமும் உள்வாங்கும்.

“தண்ணி உப்பா மாறிடுச்சு”

இரண்டு பாட்டில் எடுங்கள். மோட்டார் போட்ட முதல் நிமிடம் ஒன்று, இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு ஒன்று. இரண்டும் ஒரே உப்பு என்றால் அந்த அடுக்கே உப்பு. கடல் ஒரு காலத்தில் உள்ளே வந்து போன நிலத்தின் பழைய உப்பு அது. இரண்டாவது பாட்டில்தான் உப்பு என்றால் நீங்கள் கீழிருந்து உப்புநீரை மேலே இழுக்கிறீர்கள்.

கடலோர மணலில் நன்னீர் உப்புநீர்மேல் மிதக்கிறது. கடல்நீர் சற்றுக் கனம் கூடியது. அந்தக் கணக்கில், கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள்: மேல்மட்டத்தை ஒரு சாண் இறக்கினால் கீழே உப்பு நாற்பது சாண் ஏறத் துடிக்கும். வேதாரண்யம் பக்கத்து மணல் மேடுகளில் மேலாகத் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது இதனால்தான். ‘உப்பா இருக்கு, இன்னும் இருபது அடி இறக்கு’ என்பது இங்கே செய்யக்கூடாத காரியம். ஆழத்தைக் குறையுங்கள், ஒரே இடத்தில் வேகமாக இறைப்பதற்குப் பதில் இரண்டு மூன்று இடத்தில் மெதுவாக இறையுங்கள், இடையில் ஓய்வு கொடுங்கள்.

தண்ணீர் நன்றாக இருந்தும் வயலில் வெள்ளையாகப் பூக்கிறதென்றால் அது உறிஞ்சலின் வேலை. நிலத்தடி நீர் இரண்டு மூன்று அடியில் நின்றால் களி அதைத் திரிபோல மேலே ஏற்றும். வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடும். இதற்கு மேலே தண்ணீர் கட்டிக் கழுவினால் மட்டும் போதாது, கழுவிய தண்ணீர் வெளியே போக வடிகால் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகை வயல்களில் ஏறிய கடலுப்பை இறக்கியது மழைநீரும் வடிகாலும்தான். களர் பிடித்த இடத்தில் ஜிப்சமும் போட்டார்கள். சரி, வீட்டுச் சுவரில் ஓதம் ஏறி சுண்ணாம்பு உதிர்வதும் இதே திரிதான். உள்ளே எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் நிற்காது. சுவரோரத்து மண்ணைத் தாழ்த்தி, மாடித் தண்ணீரைச் சுவரை விட்டுத் தள்ளி விழ வையுங்கள். கடல் ஏறுவதற்கும் சுவரில் ஈரம் ஏறுவதற்கும் தமிழில் ஓதம் என்ற ஒரே சொல்லை வைத்தவன் சும்மா வைக்கவில்லை.

“பிடிக்கும்போது தெளிவு, வெச்சா காவி”

இரும்பு. காற்றுப் படாத களி அடுக்கில் கரைந்து வந்து, குடத்தில் காற்றுப் பட்டதும் துருவாகிறது. உயரத்திலிருந்து கொட்டி ஒரு இரவு வைத்து, மணலில் வடிகட்டினால் பெரும்பாலும் போய்விடும்.

“மண்ணு ஈரமாத்தான் இருக்கு, உளுந்து வாடுது”

தாளடி (குறுவைக்கு அடுத்த போக நெல்) அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன், வயல் மெழுகு பதத்தில் இருக்கும்போது தெளித்த உளுந்து. அதற்குப் பிறகு ஒரு பாய்ச்சலும் கிடையாது; மண்ணில் மிச்சம் இருப்பதும் பனியும்தான் அதற்குச் சாப்பாடு. மாசி வெயிலில் மதியம் வாடி, காலையில் தெளிந்தால் பயப்பட வேண்டாம். விடியற்காலையிலும் தலை தொங்கினால்தான் கவலை.

அப்போது ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடிக்கிறது, கையில் ஈரம் தெரிகிறது, இருந்தும் செடி வாடுகிறது. தவிட்டு மூட்டை ஞாபகம் இருக்கிறதா? களியில் தெரியும் அந்த ஈரம் செடியின் வேர் இழுக்க முடியாத இறுக்கத்தில் இருக்கிறது. மணலில் இதே ஈரம் இருந்திருந்தால் செடி கொழுத்திருக்கும். ஈரத்தைக் கையால் பார்த்து ‘இன்னும் தாங்கும்’ என்று சொல்வது மணல் நிலத்துக்காரன் பேச்சு. களி நிலத்தில் செடியின் விடியற்காலை முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஃபில்டர் பாயின்ட் பக்கத்தில் இருந்தால் பூக்கும் முன் ஒரு தடவை மேலாகத் தண்ணீர் காட்டிவிடுங்கள். தேங்க விடாதீர்கள், ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நிலத்தில் மாலைக்குள் வடிந்துவிடும் அளவுக்கு மட்டும். தேங்கினால் நாளை காலை அதே செடி மறுபடியும் தொங்கும், இந்த முறை வேர் மூச்சு முட்டி.